ஒன்பது கதவு வண்டி

"…சக்கர நாற்காலியத் தள்ளுனாலும் நகர மாட்டேங்குறாருண்ணே. ஒவ்வொரு கதவுகிட்டயும் செவுத்துக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுடறாரு. குளிக்குற ரூமுக்குப் போயி சேர்றதுக்குள்ள எங்க முறையே முடிஞ்சு போவுது. போதும்ணே. இந்த மாசத்தோட வூட்டுக்கே வந்துடறேன்."

தங்கை ஜப்பானிலிருந்து பேசினாள். அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அரியலூரில் எனக்குக் காலை ஒன்பதரை. டூட்டி முடிந்து குளித்துவிட்டு இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூரில் நர்சிங் படித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, பிறகு ஜப்பான் மொழியையும் கற்றுக்கொண்டு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றுக்குப் போனவள். போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாளா, திரும்புகிறாளா என்று மாசக் கடைசிக்குள் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தொண்ணூறைத் தாண்டிய இந்த மனிதர் அவள் பொறுப்பில் வந்திருந்தார்.

'வந்துடறேன்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்தில் என் மனைவி தோசைக்கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கோவத்துல ஒரு வார்த்த சொல்றா. அதுக்குள்ள ஏர்போர்ட்டுல போயி நின்னுடாதீங்க" என்றாள்.

"அண்ணி சொல்றது கேக்குது" என்றாள் தங்கை. "நெசமாத்தான் சொல்றேன் அண்ணி."

பிறகு அவளே சொன்னாள்: அந்தப் பெரியவரும் என்னைப் போல ரயில்காரர்தானாம். வாலிபத்தில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலைப்பக்க லைனில் கார்டாக இருந்தார் என்று அவருடைய ஃபைலில் எழுதியிருக்கிறதாம். அதனால்தான் என்னிடம் கேட்கிறாள்.

நான் கூட்ஸ் கார்டு. இப்போது எங்கள் வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் தெருவிலும் வீட்டிலும் நான் இன்னும் கார்டுதான். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, நிற்கிற இடமெல்லாம் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் நாலு விஷயம் தெரிந்துகொண்டேன். ரயில்காரன் நின்றால் எதற்காக நிற்பான்? சிக்னலுக்காகத்தான். சட்டென்று சொல்லிவிட்டேன்: "பச்ச விழுந்துடுச்சு, கெளம்பலாம்னு அவர் மொழியில சொல்லிப் பாரு. தானா கைய எடுத்துடுவாரு."

மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"சொன்னேன்ணே. என்னை ஏற எறங்கப் பாத்தாரு. 'வேல முடியாம எப்படிக் கெளம்புறது, நீ புதுசா'ன்னு கத்திட்டாரு. இவ்வளவு நாள்ல அவரு எங்கிட்ட ஒரு வாக்கியம் முழுசா பேசுனது இதுதான். அதுவும் திட்டு."

துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாளாம். நான் சமாதானமாக ஏதேதோ சொன்னேன். போனை வைத்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, தெரியாம சொன்னீங்களா? இல்ல அவ திரும்பி வரணும்னு சொன்னீங்களா?"

"தெரியாமதான்" என்றேன். சொல்லும்போது எனக்கே அவ்வளவு நிச்சயமாக இல்லை.

அடுத்த நாள் சிமெண்ட் ஏற்றிய வண்டி. செந்துறைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்களை ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிட்டார்கள். எக்ஸ்பிரஸ்கள் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் உண்டு. என்னைப் பார்த்தால் சும்மா போக மாட்டார்.

"என்னங்க கார்டு, நான் போயி சோறாக்கி எறக்கிட்டு வந்துட்டேன், நீங்க அதே எடத்துல நிக்குறீங்க?"

"என்ன செய்யுறதுங்க, விட்டாத்தானே போவறது."

"எப்ப பாத்தாலும் இம்மாம் நீளத்துக்கு வந்து நிக்குறீங்க, அப்படியே முழுசா போயிடறீங்க. எங்க ஊருக்குன்னு ஒரு பொட்டியக் கழட்டி உட்டுட்டுப் போனா கொறஞ்சா போயிடும்? ஆட்டுக்குக் கொட்டாயா வச்சுக்குவேன்."

நான் சிரித்தேன். அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எங்கள் வண்டி ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை முழுசாகப் போகும். எல்லாப் பெட்டியிலும் ஒரே சரக்கு, போய்ச் சேருவதும் ஒரே ஊர். நடுவில் எந்த ஊரிலும் நாங்கள் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. என் சர்வீஸில் எனக்குப் பழக்கம் அது ஒன்றுதான். ஆனால் ஒரு காலத்தில் மிக்ஸட் என்று ஓடியிருக்கிறது. ஒரே இன்ஜினுக்குப் பின்னால் ஆள் ஏறும் பெட்டியும் இருக்கும், சரக்குப் பெட்டியும் இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த ஊருக்கு வந்த சரக்குப் பெட்டியைக் கழற்றி விட்டு, போக வேண்டியதைக் கோத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் நகரும். வேலை முடியாமல் எப்படிக் கிளம்புவது? அந்தப் பெரியவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது.

புரிந்த அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். மாசக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் வந்துவிடுவாள் என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் காப்பி கொடுத்த மனைவி, நான் ஒன்றும் சொல்லாதபோதே, "என்னமோ முழுங்கிட்டு முழிக்கிறீங்க" என்றாள். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. நானே போன் போட்டேன்.

"சிக்னல் இல்லம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அவர் வேல பாத்தது மிக்ஸட் வண்டியான்னு கேளு. கதவுகிட்ட நிக்குறப்ப, இங்க என்ன எறக்கணும்னு கேளு."

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் அவள் வீடியோவில் கூப்பிட்டபோது முகம் வேறு மாதிரி இருந்தது. துணி அறையிலேயே ஒரு மேஜையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மிக்ஸட்டேதான்ணே. கேட்டதும் அந்த மனுஷன் வாயத் தொறந்தாரு பாரு, மூட மாட்டேங்குறாரு. ஒரு ஊர்ல மீன் பொட்டி எறக்குவாங்களாம், ஒரு ஊர்ல மரம் ஏத்துவாங்களாம். இன்ஜின் பாட்டுக்கு ஜனங்க இருக்குற பொட்டிய பிளாட்பாரத்துலயே உட்டுட்டு, சரக்குப் பொட்டிய இழுத்துக்கிட்டுப் போயிடுமாம். அது திரும்பி வர்ற வரைக்கும் எல்லாரும் உக்காந்திருக்கணும்."

"யாரும் சண்டைக்கு வரலியா?"

"அங்க என்ன உங்க அரியலூரா? டைம் டேபிள்லயே அந்த நேரத்தையும் சேத்துப் போட்டுருப்பாங்களாம். பொட்டிக்கு நடுவுல கரி அடுப்பு இருக்குமாம்ணே. அதுல காஞ்ச மீனச் சுட்டுத் தின்னுக்கிட்டுப் பேசிக்கிட்டு இருப்பாங்களாம்."

"ரயில் பொட்டிக்குள்ள அடுப்பா? எதுக்கு?"

"நானும் கேட்டேன். இன்ஜின்லேருந்து ஆவி வந்தாத்தான் பொட்டிக்குச் சூடாம். நடுவுல சரக்குப் பொட்டி மாட்டுனா அதுல ஆவிக் குழாய் கெடையாதாம். அதனால அடுப்பு."

எனக்கு அது உடனே புரிந்தது. அந்தக் குளிரில், பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுப் போன பெட்டியில் ஜனங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, வெளியே பனியில் ஒரு இளைஞன் சரக்குப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்ததையும் பார்க்க முடிந்தது.

"அப்புறம் என்ன செஞ்ச?"

"சலவத் துணி குடுக்கறது எங்க டீம் வேலதானே. தெனம் தனியா ஒரு தள்ளுவண்டியில எடுத்துட்டுப் போவேன். அத அவரோட சக்கர நாற்காலிக்குப் பின்னாடி கயித்தப் போட்டுக் கட்டிட்டேன். ஒன்பது கதவு, ஒன்பது மூட்ட. கதவுகிட்ட நிப்பாரு, நான் அந்த ரூம் துணிய உள்ள வச்சிட்டு வருவேன். அவரு திரும்பி வண்டியப் பாப்பாரு, கையத் தூக்குவாரு, கம்பிய உட்டுடுவாரு. நேத்து குளியல் நேரத்துக்கு முன்னாடியே போயிட்டோம்."

"மேலதிகாரி ஒண்ணும் சொல்லலியா?"

"வந்து பாத்தாங்க. கயிறு வேணாம், கொக்கி போட்டுத் தரேன்னு சொன்னாங்க. பெரியவரு வேற, திரும்பி வரப்ப வண்டி காலியா வரக் கூடாதுங்குறாரு. அழுக்குத் துணிய ஏத்திக்கிட்டு வரோம்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் தங்கை மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். அந்தப் பேப்பர். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நாளைக்குக் குடுக்கணும்ணே. அம்மா இருந்தா அம்மாவக் கேப்பேன். நீ சொல்லு. வந்துடவா?"

வா என்று சொன்னால் வந்துவிடுவாள். அந்தச் சொல் எனக்கு நாக்கு நுனியில் ஒரு வாரமாக இருக்கிறது. மனைவி என் தோளில் கை வைத்தாள். இப்படி என்றும் இல்லை, அப்படி என்றும் இல்லை, சும்மா வைத்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாம்மா" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"நெசமாத்தான். உனக்கு அங்க வேல இருக்கு."

அவள் ஏப்ரனின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்கோ மணி அடித்தது. "நேரமாச்சு, அவரு கதவுகிட்ட வந்திருப்பாரு" என்று போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள். அணைக்க மறந்துவிட்டாள். எங்களுக்குத் துணி அறையின் வாசல் மட்டும் தெரிந்தது. வெளியே சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது, நின்றது. ஒரு கதவு திறந்தது, அவள் அந்த மொழியில் என்னவோ நீட்டிச் சொன்னாள், ஒரு கிழக்குரல் வெடுக்கென்று பதில் சொன்னது. சக்கரங்கள் மறுபடி உருண்டன. நான் அணைக்கப் போனேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. தங்கை மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தாள். போன் பக்கம் பார்க்கவே இல்லை. தட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு துணி மூட்டையை உருவி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள்.