சவுக்குத் தோப்பும் கேஸ் சிலிண்டரும்

காவல் வேலையில் திருடனைச் சமாளித்துவிடலாம், வாடிக்கையாளரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. லாட்ஜோ சத்திரமோ பார்த்துக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்புக்கு நான் காவல். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே வேன் ஓட்டி வருகிறவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குவார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் உண்டு. தோப்பு முழுக்கக் காய்ந்த சருகு. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் குப்பம். அதில் முதல் குடிசை என்னுடையது, அப்போதுதான் புதுக் கீற்று வேய்ந்திருந்தேன். கடல் காற்று நேராக என் கூரை மேல்தான் அடிக்கும். கேஸ் என்றாலே என் கண் முதலில் அந்தக் கூரைக்குப் போனதில் ஆச்சரியம் உண்டா?

கட்டிலுக்கடியில்

பீட்டரும் அவர் மனைவி ஹெல்காவும் வந்த அன்றே வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். சிலிண்டரைக் கட்டிலுக்கடியில் படுக்கப் போட்டு, மேலே அழுக்குத் துணியைக் குவித்திருந்தார்கள். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவமே குழாயில் வந்துவிடும், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள் என்று செங்கல்பட்டு கேஸ் மெக்கானிக் என்னிடம் சொன்னதை அரைகுறை இங்கிலீஷில் ஒப்பித்தேன். பீட்டர் சிரித்தார். எனக்குக் கோபத்தில் தமிழ்தான் வந்தது. "பத்திகினா வேன் ஓடிப்பூடும் அண்ணாத்த, என் வூடு ஓடுமா?"

ஹெல்கா விடாமல் அர்த்தம் கேட்டு, புருஷனுக்கும் சொன்னார். பீட்டர் யோசித்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: "உங்கள் வீட்டுக்கும் நான்கு சக்கரம் வைத்துவிடலாமே."

ஓட்டையில் துண்டு

ஒருவழியாகச் சிலிண்டரை அதற்கென்றே வேனில் இருந்த அலமாரியில் நிமிர்த்தி வைத்தார்கள். அந்த அலமாரியின் அடியில் வேனைத் துளைத்து ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் கீழேதான் இறங்கும், அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். ஒரு நாள் பார்த்தால், பீட்டர் அதில் துண்டை அடைத்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, ராத்திரி நண்டு ஏறி வந்து அவர் கால் விரலைக் கவ்விவிட்டது என்றார்.

துண்டை நானே பிடுங்கிப் போட்டேன். அதற்குள் ஹெல்கா மீன் வாங்கும் சாக்கில் என் மனைவியிடம் தமிழ் கற்க ஆரம்பித்திருந்தார். புருஷனின் காலைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். "நண்டு வரட்டும். கொழம்பு வெச்சிகினா போச்சு."

பஞ்சர் கடை

ஒரு காலையில் வேனில் கேஸ் வாடை. எங்கே கசிகிறது என்று பார்க்கப் பீட்டர் தீப்பெட்டியை எடுத்தார். அதைப் பறித்து வீசிவிட்டு, சிலிண்டரை மூடி, கதவையெல்லாம் திறந்து வைத்தேன். சத்தம் கேட்டு வந்த என் மச்சான் கன்னியப்பன் பஞ்சர் கடைக்காரன். சிலிண்டரை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்துவிடலாம் என்றான்.

அவனை ஒதுக்கிவிட்டு, வாடை போனதும் மறுபடி திறந்து, துணி சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவினேன். வெடித்திருந்த ரப்பரில் குமிழி கிளம்பியது. உடனே மூடினேன். செங்கல்பட்டில் புதுக் குழாய் வாங்கி மாட்டும்வரை அந்த அடுப்பு எரியவில்லை. கன்னியப்பன் மட்டும் அசரவில்லை. "குமிழி வந்திச்சில்ல மச்சான்? அப்ப இது என் தொழிலுதான்."

ஆயுத பூஜை

செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வரும் தோப்பு முதலாளி, ஆயுத பூஜையன்று எல்லா வேனுக்கும் பூஜை போடுவார். அன்று காலைதான் பீட்டர் தீர்ந்த சிலிண்டரை எடுத்துவிட்டு, கொண்டு வந்திருந்த இன்னொன்றை மாட்டியிருந்தார். நுரை தடவிப் பார்க்க நேரமில்லை. ஆனால் சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க என் மனைவிக்கு நேரம் இருந்தது. அதைப் பார்த்துப் பூரித்துப்போன முதலாளி, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வேனுக்குள் ஏறப் போனார்.

வெளியே நின்றே காட்டலாமே என்று மென்று விழுங்கிச் சொன்னேன். சாமிக்கே வழி சொல்கிறாயா, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். கடல் காற்று என் கூரைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அப்போது ஹெல்கா வேன் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, முதலாளியை யாரும் கூப்பிடாத முறையில் கூப்பிட்டார். "அண்ணாத்த, பத்திகினா வேன் ஓடிப்பூடும். அவரு வூடு ஓடுமா?"

முதலாளி தட்டை ஜீப் பக்கம் கொண்டுபோய் அங்கிருந்தே காட்டினார். கற்பூரம் அணைந்த பிறகு அவர் கண்ணெதிரிலேயே நுரை தடவினேன். மாட்டிய இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பினேன். முதலாளி என் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீயே வாய்யா. ஆனா அந்தம்மா ஊருக்குப் போற வரைக்கும் இந்தத் தோப்புக்கு அவங்கதான் வாட்ச்மேன்."

தோப்புக் காவலில் நான் கண்டது இதுதான்: நாம் தொண்டை கிழியக் கத்துவது, வாடிக்கையாளர் வாயில் புகுந்து வந்தால்தான் முதலாளி காதில் விழும்.