காலையில் தின்ற இட்லி

என் மகளுக்குக் குமட்டல் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, அவளுக்கு மூளையில் கட்டி என்று நான் செல்போனில் படித்துக் கண்டுபிடித்துவிட்டேன். படித்து முடித்ததும் எனக்குத் தலை சுற்றி, முடிச்சூர் வீட்டு ஹாலில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள்தான் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் போய்விட்டது, குமட்டல் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. நாலு வாய் சோறு போனால் தட்டைத் தள்ளிவிடுவாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தோளில் நிற்காமல் நழுவியது. என் மனைவி அதை ஊசி நூல் வைத்துப் பிடித்தாள். அடுத்த மாதம் மறுபடி பிடித்தாள்.

எனக்குப் பயம் வந்தால் ஜோக் வந்துவிடும். முடிச்சூரை வெள்ளம் சூழ்ந்த அன்று மொட்டை மாடியில் படகுக்குக் காத்திருந்தபோதுகூட, "கடைசியில நமக்கும் பீச் வியூ வீடு கெடச்சிருச்சு" என்று சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்கியவன். யாருக்கும் கெடுதல் இல்லாத வியாதி என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

முதல் டாக்டர் தாம்பரத்தில். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

நான் முந்திக்கொண்டேன். "மேக்ஸ் டெஸ்ட் பேப்பர் குடுத்ததுலேர்ந்து சார்."

டாக்டர் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். பரீட்சை பயம் என்று முடிவாகி, கேஸ் டிரபிளுக்கு மாத்திரை வந்தது.

இரண்டாவது டாக்டர், "என்ன சாப்பிடுற?" என்றார். "எங்க வீட்டுச் சமையல் சார், யாருக்கா இருந்தாலும் குமட்டும்" என்றேன். அவரும் சிரித்தார். அல்சர் மாத்திரை. பக்கத்தில் நின்ற என் மனைவி வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. மூன்றாவது டாக்டர் குரோம்பேட்டையில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். புண் இல்லை. என் நச்சரிப்பு தாங்காமல் தலைக்கும் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். அதில் மூளைதான் இருந்தது. எல்லாம் நார்மல் என்றார்கள். நார்மலான அந்தப் பெண் திரும்பி வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

நாலு மாதம் இப்படியே ஓடியது. எதிர் ஃபிளாட் அக்கா ஒருநாள், "தொக்கம் எடுத்துப் பாத்தீங்களா?" என்றார். தலைமுடியோ சோற்றுக் கட்டியோ வயிற்றில் எங்காவது சிக்கிக்கொண்டால், அதை உறிஞ்சி வெளியே எடுத்துக் காட்டுவார்களாம். நான் கெமிஸ்ட்ரி படித்தவன். அவர் சொல்லி முடிப்பதற்குள் பைக் சாவியைத் தேடினேன்.

கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, மனை பிரித்து நட்ட கற்களுக்கு நடுவில் மிச்சமிருந்த ஓட்டு வீடு அது. தொக்கம் எடுக்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மகளைப் பாயில் படுக்க வைத்து வயிற்றைத் தடவினார்.

"இன்னா பாப்பா, இன்னா பண்ணுது உனக்கு?"

"எங்களுக்குத் தெரியாம டயட்ல இருக்கா அக்கா" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னா சார், வவுறு உன்னுதா அத்தோடதா? அத்தக் கேட்டா நீ பேசிகினே கீற. எய்ந்து போய் வெளிய குந்து."

வாசற்படியில் போய்க் குந்தினேன். கதவு திறந்துதான் இருந்தது.

"காலைல சாப்பிட்ட இட்லி சாயந்திரம் அப்படியே வருது ஆன்ட்டி" என்று என் மகளின் குரல் கேட்டது. "கொஞ்சம் சாப்பிட்டாலே கழுத்து வரைக்கும் ரொம்பின மாதிரி இருக்கு."

"உங்கப்பன் கைல சொன்னியா?"

"சொன்னா ஜோக் அடிப்பாரு."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மாட்டிகினு இருந்தா நான் எட்த்துருவேன் சார். இது தொக்கம் இல்ல. துன்னது கீய எறங்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. அங்கயாவது அத்தப் பேச வுடு."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்டபோது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாக்கு கையில்தான் இருக்கிறது என்பது போல. மகள் இட்லி விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் மத்த டாக்டர்ங்ககிட்ட சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு சோதனை. கொஞ்சமாகக் கதிர்வீச்சு மருந்து கலந்த இட்லியைச் சாப்பிடக் கொடுத்து, அது வயிற்றிலிருந்து எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று படம் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்தும் கம்ப்யூட்டர் திரையில் அந்த வெள்ளைக் கட்டி பெரும்பாலும் அதே இடத்தில் நின்றது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பஸ்கள் பெருங்களத்தூரில் நகராமல் நிற்பது போல என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

வயிற்றை அசைத்துச் சாப்பாட்டைக் கீழே தள்ளுகிற நரம்பு அந்தக் காய்ச்சலில் பழுதாகியிருக்கலாம் என்றார் டாக்டர். காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் பாதி குணம் என்று நாலு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"சரியாயிடும்ல சார்?"

"சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா சரியாகும். சில பேருக்கு ஆகாது. இவங்களுக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாது. மாத்திரை தரேன், கொஞ்சம் கஷ்டம் குறையும்."

குறையவில்லை. கஞ்சியை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். ஆறு வேளையும் குமட்டியது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துக் காட்டப் போனபோது இன்னும் இரண்டு கிலோ குறைந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டதற்கு, "தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே அழுகை வருது சார்" என்றாள். அது எனக்குத் தெரியாது. தினமும் தட்டு வைக்கிறவன் நான்தான். டாக்டர் மாத்திரையை மாற்றி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளுக்கு இளநீரும் எனக்கு ஒரு வடையும் வாங்கினேன். அவள் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வைத்துவிட்டாள். நானும் வடையைத் தொடாமல் தள்ளி வைத்தேன்.

"சாப்பிடுங்கப்பா" என்றாள். "நீங்க சாப்பிடாம இருந்தா நான் அதுக்கும் சேத்துக் கவலப்படணும்."

வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தின்றேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் நன்றாகப் பசித்தது. இன்னொரு வடை வாங்கினேன்.