பின் வாசல் கோடுகள்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணும் வேலை எனக்கு மூன்று நாளைக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலம் அது. கூட்டம் இல்லாத ஸ்டாப்புகளை எடுத்துவிடுவார்கள் என்று கணக்கெடுப்பு சூப்பர்வைசர் முதலிலேயே சொன்னார். நான் கவலையே படவில்லை. எங்கள் ஸ்டாப்பில் காலையில் நிற்கக்கூட இடம் இருக்காது.

"பின் வாசல்கிட்ட நின்னுக்கோ. ஏர்றவங்க ஆளுக்கு ஒரு கோடு. அவ்ளோதான் வேலை" என்றார். அட்டையில் செருகிய தாளில் நாள் முழுக்கக் கோடு போட்டேன்.

சாயங்காலம் கார்மெண்ட்ஸிலிருந்து வந்த அக்கா, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "என்னை எண்ணினியா?"

காலையில் எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள், முன் வாசலில். பெங்களூரில் பொம்பளைகள் ஏறுவது முன் வாசலில்தான். பிறந்ததிலிருந்து நானும் அதில்தான் ஏறுகிறேன். அப்படியிருந்தும் ஆம்பளைகளை மட்டும் எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் சைக்கிளில் போய்விடுவார்கள். தாளைப் பார்த்தால் ஈ ஓட்டுகிற ஸ்டாப் மாதிரி இருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஸ்டாப் போனால் அக்கா அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும், கம்பெனி கேட்டையும் மூடிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொரு தடவை லேட் ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் வேலையை நம்பித்தான் எங்கள் வீடு இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வாசலுக்கு ரெண்டு ஆள் போட முடியாதும்மா. எல்லா ஸ்டாப்லயும் பின் வாசல்தான்."

"அப்ப நான் முன் வாசல்ல நிக்கிறேன் சார்."

"அந்த ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. பின் வாசலில் ஏறுகிறவர்கள்தான் மனுஷர்களா? சரி, ஏறிக் காட்டுகிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனேன், அக்காவும் கூட வந்தாள். "நாளைக்கு ஒரு நாள் எல்லாரும் பின் வாசல்ல ஏறுங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் பெருக்கும் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டம்மா முகம் சுளித்தார்.

"ஆம்பளைங்கள இடிச்சிக்கினு ஏறணுமா?"

"அவங்க ஒதுங்கட்டும்" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் முன் வாசலுக்கு நழுவிவிடுவேன் என்று சந்தேகம். பஸ் வந்ததும் கூட்டம் மொத்தமும் பின் வாசலுக்குத் திரும்பியது. "லேடீஸ் முந்தெ ஹோகி, முந்தெ" என்று கண்டக்டர் கன்னடத்தில் முன்பக்கம் கை காட்டிக் கத்தினார். அக்கா முதல் ஆளாகப் படியில் கால் வைத்தாள்.

"இன்னிக்கு நாங்க பின்னாலதான். சொல்ப வழி விடுங்க" என்றாள், அவளும் கன்னடம் கலந்து.

ஆம்பளைகள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்கள். சாப்பாட்டுப் பையோடு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். நான் கோடு போட்டேன். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். தாளில் இடம் தீர்ந்தது. சூப்பர்வைசரிடம் கையை நீட்டினேன்.

"இன்னொரு ஷீட் குடுங்க சார்."

"யாரு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"பின் வாசல்ல ஏர்றவங்கள எண்ணச் சொன்னீங்க, எண்ணுறேன். பொய்க் கோடு ஒண்ணு இருந்தாலும் கிழிச்சுப் போடுங்க."

அவர் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்புக்கும் அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. எங்கள் ஸ்டாப்பை யாரும் தொடவில்லை.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"முதல் கோடே நீதான்."