பாசியக்காவின் தெருவுக்கு முறை வந்தபோது

நகராட்சியில் அவளுக்குப் பாசியக்கா என்று பெயர். மரப்பட்டையில் மூக்கு உரச நின்று, படர்ந்திருக்கும் பாசியைப் பார்த்தே அந்தத் தெருவின் காற்று நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். தெருத்தெருவாகப் போய் நகரத்தின் ஆரோக்கியத்தைப் பார்ப்பதுதான் வேலை. மரம், குருவி, சாக்கடைத் தண்ணீர் எல்லாம் பார்த்த பிறகு மனிதர்கள். காட்டில் எது எதை நம்பிப் பிழைக்கிறது என்று பார்ப்பதுபோலத்தான் இங்கும். ஒவ்வொரு கதவையும் தட்டி ஒரே கேள்வி: "உடம்புக்கு முடியலன்னா பக்கத்துல யாரைக் கூப்பிடுவீங்க?"

சொன்ன வீட்டுக்கும் போய், கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்க வேண்டும். அங்கேயும் ஆமாம் என்றால்தான் வரைபடத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே கோடு விழும். இந்த விதியைக் கொண்டுவந்ததே பாசியக்காதான். கோடே விழாத வீட்டைக் கண்டால், "சே, என்ன மனுஷங்கப்பா!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஊரை எடைபோடுகிறவளுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலா என்ன?

அவள் தெருவுக்கும் முறை வந்தது. சொந்தத் தெருவை அவரவர் பார்க்கக் கூடாது என்பதால் அலுவலகத்துக் கண்ணாடி சார் வந்தார். மாடியேறி மூச்சு வாங்க நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, கேட்டுத்தான் ஆகணும். முடியலன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

பாசியக்கா மனசுக்குள் ஆள் தேடினாள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று, அண்ணன் கடல் தாண்டி இருக்கிறார். போன காய்ச்சலில் தானே தள்ளாடி எழுந்து வெந்நீர் வைத்துக் குடித்ததுதான் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கீழ தையக்காரம்மா இருக்காங்களே. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாங்க," என்றாள்.

"அப்பாடா!" என்று அவர் இறங்கினார். அப்போதுதான் அவளுக்குத் தான் கொண்டுவந்த விதியே ஞாபகம் வந்தது. "சார், இருங்க..." என்று எழுவதற்குள் கீழே கதவு தட்டியாயிற்று. தையல் மிஷின் நின்றது.

தையற்காரம்மாவின் குரல் படிவழியே தெளிவாகக் கேட்டது. "மேலயா? மேல் வீடு காலியாத்தானே கிடக்கு? ஒரு சத்தமும் வராதே சார்."

கண்ணாடி சார் திரும்ப மேலே வரவில்லை. நல்ல மனிதர்.

கீழே இருப்பவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று இத்தனை காலம் பூனைபோல நடந்தவள் பாசியக்கா. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, நாற்காலியைத் தரதரவென்று அறை முழுக்க இழுத்தாள்.

கீழே மிஷின் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் படியேறி வரவில்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

நாற்காலியை இன்னொரு தரம் இழுத்தாள்.