அத்தையின் மிஷினுக்கு வைத்த பொட்டு

பட்டறைக்கு அப்பாவின் லேத்து வந்தபோது நான் பிறக்கவே இல்லை. அத்தையின் மிஷின் வந்தபோது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதனால் லேத்து எனக்கு அண்ணன், புது மிஷின் தங்கை என்று நானே சொந்தம் பிரித்து வைத்திருந்தேன். தங்கை மேல்தான் பாசம் ஜாஸ்தி.

பட்டறை கடலூர் முதுநகரில் இருந்தது. தேவனாம்பட்டினத்துப் படகு இஞ்சின்களுக்கு அப்பா ஷாஃப்ட்டு கடைந்து கொடுப்பார். அத்தை அப்பாவின் தங்கை. சிதம்பரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் டிப்ளமோ முடித்தவள். அவள் பிடிவாதத்தால்தான் கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மிஷின் ஒன்று, வேறு யாரோ ஓட்டிப் பழகியது, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. பதினைந்து நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேச்சு. பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர் வந்து, அத்தை வெட்டும் பித்தளைத் தகடுகளைப் பார்த்து சரி என்றால் மிஷின் தங்கும். இல்லையென்றால் மறுபடியும் லாரி வரும்.

மோட்டாரோடு இணைப்பதற்கு முன் மிஷினின் மேசையைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள் அத்தை. சுண்டு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் கடைசிவரை போய் நின்றது. எனக்கு அவ்வளவு பலம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"பாத்தியாண்ணா? கொழந்த தள்ளுது, போவுது."

"காத்தடிச்சாலும் போவும்போல," என்றார் அப்பா. "என் லேத்துல ஆனைய மாட்டி வெட்டலாம். இதுல வெண்டக்கா நறுக்கலாம்."

"நறுக்குனா நூறு வெண்டக்காயும் ஒரே அளவா வரும். உன் லேத்து பெட்டு ஒரு பக்கமா தேஞ்சி கெடக்கு. கை பழக்கத்துலதான ஓட்டிக்கிட்டிருக்க?"

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. லேத்தின் அடிமேடையான பெட் ஒரே வார்ப்பிரும்பு. அதன் முதுகில் கூரை முகடு மாதிரி நீளமாக ஒரு முக்கோணம். கத்தியைத் தாங்கும் பாகம் அதன்மேல் நேராக உட்கார்ந்து இரும்போடு இரும்பாக நகரும். நடுவில் எண்ணெய் மட்டும்தான். கைச்சக்கரத்தில் நான் தொங்கினால் அரை அங்குலம் நகர்ந்து, போதும் போ என்று நின்றுவிடும். ஆனால் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் நடுங்காது. தூசு, துருவல் எது விழுந்தாலும் ஜீரணம் செய்துகொள்ளும்.

அத்தையின் மிஷினில் மேசைக்குக் கீழே, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, தண்டவாளம் மாதிரி இரண்டு எஃகு ரயில்கள். ஒவ்வொரு ரயிலையும் இரண்டு பிளாக்குகள் கவ்வியிருக்கும். பிளாக்குக்குள் மிளகு அளவு எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி உருளும். உரசல் இல்லை, உருளல்தான். அதனால்தான் அந்த வழுக்கல். அந்த ரயிலின் பளபளப்பில் என் முகம் நீளமாகத் தெரியும். தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. வெண்டைக்காய் மிஷின் என்று கிண்டல் செய்த அப்பாதான் அதற்காகவே சிதம்பரம் போய்க் கோயில் விபூதி வாங்கி வந்தார். அத்தை தலைக்குக் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா ரயிலை மூடியிருந்த ரப்பர் உறையை ஒதுக்கிவிட்டு சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"நம்ம லேத்துக்கு பெட்டுல வெக்கிறோம்ல, அதேமாரி இதுக்கும் வை கண்ணு. மூஞ்ச மூடிவெச்சிட்டு யாராவது பொட்டு வெப்பாங்களா?"

முன்ரயில் முழுக்க வரிசையாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி யாரும் வைத்திருக்க மாட்டார்கள். முடித்ததும் அப்பா கற்பூரம் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது உறை மூடியிருந்தது.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அத்தை பொத்தானை அழுத்தினாள். மேசை கொஞ்ச தூரம் போனது. கரகரவென்றது. திக்கித் திக்கி நகர்ந்து, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது.

அத்தை உறையை ஒதுக்கினாள். என் பொட்டெல்லாம் எண்ணெயில் குழைந்து சேறாகியிருந்தது. பிளாக் போகாத மூலையில் மட்டும் விபூதிப் பட்டை ஒன்று கலையாமல் இருந்தது. அத்தை குனிந்து அதன்மேல் மூன்று விரல்களை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"யாரும்மா ரெயிலுக்கு அபிஷேகம் பண்ணது?" என்றார் சூப்பர்வைசர்.

நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் நகர்ந்தேன். அப்பா லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்," என்றாள் அத்தை. "பூஜ அவசரத்துல யோசிக்காம வெச்சிட்டேன்."

"படிச்ச பொண்ணு பண்ற வேலயா இது? நாலு மணிக்கு வரேன். ஓடலன்னா வேற எடம் பாத்துக்கறேன்."

அவர் போனதும் அத்தை முந்தானையைச் செருகினாள். மேசையைக் கழற்றி இறக்கினார்கள். முன்ரயிலின் முதல் பிளாக்கை உருவினாள். அதை ரயிலிலிருந்து அப்படியே உருவக்கூடாதாம். ரயில் மாதிரியே ஒரு துண்டை ஒட்டினாற்போல் வைத்து அதன்மேல் தள்ளிக்கொள்ள வேண்டும். மிஷினை விற்றவன் அந்தத் துண்டைக் கொடுக்கவில்லை. குண்டுகள் சலசலவென்று கொட்டி, முந்தின நாள் பூஜையில் சிந்திய பொரிக்கும் பொட்டுக்கடலைக்கும் நடுவே ஓடின. நான் கோழி மாதிரி குந்திப் பொறுக்கினேன். அத்தை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸில் ஒட்டி, கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினாள். மணி ஒன்றாகிவிட்டது. இன்னொரு பிளாக் பாக்கி.

அப்பா முன்ரயிலிடம் வந்து குனிந்தார். காலிப்பரால் ரயிலை மேலும் கீழும் அளந்தார். தேக்குக் கட்டை ஒன்றை எடுத்து வைஸில் கவ்வவைத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார். ரயிலின் இடுப்புப் பள்ளம்கூட அந்தக் கட்டையில் அப்படியே வந்தது. அதை ரயிலின் நுனியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அத்தை தள்ளினாள். பிளாக் எஃகிலிருந்து தேக்குக்கு ஏறி உட்கார்ந்தது. ஒரு குண்டு விழவில்லை.

"எப்பிடிண்ணா அளவு இவ்ளோ கரெக்டா வந்துது?"

"வெண்டக்கா நறுக்குறவளுக்கு அண்ணன்ல?" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

நாலு மணிக்குப் பித்தளைத் தகடுகள் வரிசையாக வெட்டி வைக்கப்பட்டிருந்தன. சூப்பர்வைசர் வெர்னியரால் முதலாவதை அளந்தார், பத்தாவதை அளந்தார், நம்பாமல் மறுபடியும் முதலாவதை அளந்தார். "பரவால்லியே," என்றார். லாரி வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து தங்கைக்கு உறைக்கு வெளியேதான் பொட்டு.

அத்தை அன்று என்னைக் காப்பாற்றினாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கே கல்யாணமாகி, என் மகனுக்கு விபூதி பூசிவிட்ட ஒரு நாள்தான் அந்தப் பட்டை ஞாபகம் வந்தது. நான் சந்தனமும் குங்குமமும்தான் வைத்தேன். விபூதிக் கிண்ணம் என் கைக்கு வரவே இல்லை. அத்தையின் மூன்று விரல்களுக்கு இரண்டு பக்கமும் பட்டை மிச்சமிருந்தது. பட்டறையில் அவ்வளவு அகலமான விரல்கள் ஒருவருக்குத்தான் உண்டு.

அத்தை அன்று விரல் வைத்து அந்தப் பட்டையை அளந்து பார்த்தாள். நான், சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.