சுவர் இல்லாத தண்ணீர்

அமைதியாக இருப்பதை வகுப்பெடுத்துச் சொல்லித்தர முடியும் என்று நம்புகிறவர்கள் மீது எனக்கு மரியாதை வந்ததே இல்லை. எங்கள் நீச்சல் பயிற்சியாளர் அப்படி நம்புகிறவர். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் எங்களைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பார். ஸ்பீக்கரில் அலை ஓசை ஓடும். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாடை போகாத அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நடுக்கடலில் மிதப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், நான்கு எண்ணும்வரை விட வேண்டும். கடலை அம்மாவாக நினைக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியமான உபதேசம்.

ஒரு ஞாயிறு, மண்டபத்து வாசலில் அவருடைய பைக்கை மறித்து யாரோ ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். ஸ்பீக்கரில் அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து வெளியே போனார். ஆட்டோக்காரரின் குடும்பத்தில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் திட்டினார். திரும்பி வந்து, மூச்சு வாங்க, "மெதுவா விடுங்க, மெதுவா" என்றார். நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னை மட்டும் தனியாகக் கண்ணை மூடச் சொன்னார்.

நான் அங்கே போய்ப் படுத்ததற்கு ஒரே காரணம் என் மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீச்சல் குளத்தில் அவளைத் தொட ஆள் இல்லை. ஆனால் அவளுக்குக் கடல் வேண்டும். கடலில் நடக்கும் ஒரு சோதனை நீச்சலை முடிப்பவர்களைத்தான் அடுத்த பெரிய நீச்சலுக்கு அழைத்துப்போவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களோடு பெற்றோரில் ஒருவர் கூடவே நீந்த வேண்டும் என்று பயிற்சியாளர் விதி போட்டிருந்தார். ஜோடியில் யார் பாதுகாப்புப் படகைத் தொட்டாலும் இருவரும் வெளியே. அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார்; அவருக்கு நீச்சலும் தெரியாது. நான் இறங்கினால் அவள் இறங்கலாம் என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கு அதில் கவலை ஒன்றும் இருக்கவில்லை. நான் குடுமியான்மலைப் பக்கத்துக்காரி. செம்பாறையை வெட்டி இறக்கிய வட்டக் கிணற்றில் நீச்சல் பழகியவள். முதுகில் காலி டீசல் கேனைக் கட்டித் தள்ளிவிட்டார்கள், அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. யாரும் என்னை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. கேன் போன பிறகு மணிக்கணக்கில் சுற்றுவோம். கிணற்றில் நீந்துவது என்றால் சுற்றுவதுதான். பம்பு செட் குழாய்க்கு அடியில் தொடங்கி, இடது கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்க, வட்டமாக வந்து அதே குழாயில் முடிப்போம். ஆழம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால், குளத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் காலை நனைக்கும் டவுன்காரர்களை நான் எந்தக் கணக்கில் வைத்திருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. என் கிணற்றுக் கதையை வீட்டிலும் குறைவில்லாமல் சொல்லியிருக்கிறேன். மகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பாள், என் குரலிலேயே.

அறந்தாங்கி வழியாக வேனில் போனோம். மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் இறங்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அலையே கிடையாது. கண்மாயில் உப்பைக் கொட்டியது போலப் பழுப்பாகக் கிடந்தது கடல். சேற்றில் வெகுதூரம் நடந்தும் தண்ணீர் முழங்கால் அளவுதான். கடைசியில் ஒரு ஃபைபர் படகில் ஏறி ஆழமான இடத்துக்குப் போனோம். அங்கே குதித்துக் கரைக்கு நீந்த வேண்டும். படகு பின்னாலேயே வரும். கரையில் பனைகளுக்கு நடுவே ஒரு செல்போன் டவர் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும் என்றார்கள். படகுக்காரர் ஒரு கையில் மோட்டாரையும் மறு கையில் போனையும் பிடித்திருந்தார். போனில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் கண் அதிலேயே இருந்தது.

எங்களுக்கு முன்னால் துணிக்கடை முதலாளியும் அவருடைய மகளும் குதித்தார்கள். அவரிடம் இல்லாத சாமான் கிடையாது. மூச்சை அளக்கும் கடிகாரம், இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை, மூன்று விதக் கண்ணாடி. என் கிணற்றைப் பற்றி ஒருமுறை சொன்னபோது, பாம்பு கிடக்கிற தண்ணீரில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இறங்குவார்களா என்று கேட்டவர். குதித்தார். மேலே வந்தார். வந்த வேகத்தில் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மகள் பாவம், பத்தடி போயிருந்தவள் திரும்பிப் பார்த்து அப்படியே மிதந்து நின்றாள். விதிப்படி அவள் கதை முடிந்துவிட்டது.

பயிற்சியாளர் குனிந்து அவரிடம் பேசிய குரலில் அத்தனை தேன். "இது சும்மா ட்ரையல் சார். கணக்குல வராது. இப்பத்தான் நெஜமா ஆரம்பிக்கிறோம்." குழுவுக்கு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தவர் துணிக்கடை முதலாளி. அந்தப் பெண்ணுக்காக நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அவர்கள் நல்லபடியாகத் தூரம் போனதும் எங்கள் முறை வந்தது.

குதித்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கலங்கலில் என் முழங்கையே எனக்குத் தெரியவில்லை. மகள் முன்னால் போனாள், நான் பின்னால். நன்றாகத்தான் நீந்தினேன். சிறிது நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் எதிரே இருந்த டவர் இடது பக்கம் போயிருந்தது. நீரோட்டம் என்று நினைத்துத் திருத்திக்கொண்டேன். மறுபடி தூக்கினால் மறுபடி இடது பக்கம். மூன்றாம் தடவை தூக்கியபோது எதிரே கரை இல்லை; படகு இருந்தது. நான் வலது பக்கமாக வளைந்து வளைந்து வந்த வழியையே பார்த்து நின்றிருந்தேன். யாரும் இல்லாத கடலில் கிணறு சுற்றியிருக்கிறேன்.

அப்போதுதான் அது வந்தது. ஆழத்தை நினைத்து வந்த பயம் இல்லை. என் இடது கை ஒவ்வொரு வீச்சுக்கும் எதையோ தேடிப் போய் வெறுங்கையாக வந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இலங்கை வரைக்கும் ஒன்றும் இல்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிட்டது. காலும் கையும் தனித்தனியாக வேலை செய்தன.

படகிலிருந்து கை மைக்கில் அறிவுரை வந்தது. "மேடம், காமா இருங்க. காமா. நாலு எண்ணுங்க மேடம்." எண்ணினேன். இரண்டில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. "கடல அம்மாவா நெனைங்க." என் அம்மா யாருக்கும் மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் புகட்டியதில்லை. அதைச் சொல்லவும் மூச்சு இல்லை. மண்டபத்தில் ஞாயிறுதோறும் படுத்த படுக்கை மொத்தமும் ஒரு நிமிடத்துக்கு உதவவில்லை. படகு பக்கத்தில் வந்துவிட்டது. நீலப் பெயிண்ட் உரிந்த விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படகுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டார், அந்தப் பயணத்தில் முதல் முறையாக. "புடிச்சுக்கங்கக்கா. ஒண்ணும் ஆகாது" என்றார். என் கை தானாக விளிம்பை நோக்கிப் போய்விட்டது. ஒரு சாண்தான் மிச்சம்.

"ம்மா, தொடாத."

மகள் திரும்பி வந்திருந்தாள். எனக்காகத் திரும்பியவள் போல முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் போல வைத்திருந்தாள்.

"நீ தொட்டா நான் காலி. ஏன் அங்கிட்டே போய்க்கிட்டு இருக்க?"

"தெரியலடி" என்றேன். அதுதான் உண்மை.

என்னையும் படகையும் கரையையும் ஒருமுறை பார்த்தாள். "கெணறு கெணறுன்னு உசுர வாங்குவியே, அதுல சொவரு எந்தப் பக்கம்?"

"எடது."

நீந்தி என் இடது பக்கம் வந்தாள். தோளுக்குத் தோள். "நான்தான் சொவரு. ஒரசிக்கிட்டே வா."

கையை வீசினேன். அவள் விலாவில் பட்டது. மறுபடி வீசினேன், மறுபடி பட்டது. எப்போது மூச்சு கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணவில்லை. அன்பான சுவர் என்றும் சொல்ல முடியாது. இரண்டு தடவை முழங்கையால் என் தாடையில் இடித்தாள். நான் மெதுவாகப் போனால் எரிச்சலாக உச்சுக்கொட்டினாள். ஆனால் தன் வேகத்தை அடக்கி, நேராக, டவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனாள். பின்னால் கை மைக் வெகுநேரம் எண்ணிக்கொண்டே வந்து ஒருவழியாக ஓய்ந்தது. கால் சேற்றில் தட்டியபோது எழுந்து நின்றோம். தண்ணீர் முழங்கால் வரைதான் இருந்தது. அந்த இடத்திலிருந்து கரை வரை, எல்லோரும் பார்க்க, நடந்தே வர வேண்டியிருந்தது.

படகில் எங்களை முந்திக் கரையேறிவிட்ட பயிற்சியாளர் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். முதல் கடல் நீச்சலில் பதற்றம் வந்த ஒரு தாய், நான்கு எண்ணும் முறையால் எப்படி அமைதியடைந்தார் என்று அவரே முழுக்கச் சொல்லிவிட்டு, நான் ஆமாம் என்று சொல்வதற்காகப் போனை என் பக்கம் திருப்பினார்.

"எம் மக எடது பக்கம் வந்தா. அதனால வந்துட்டேன்" என்றேன்.

"அது இல்ல மேடம். அந்த மூச்சப் பத்தி ஒரு வார்த்தை."

"மூச்சு முட்டுச்சு. மக எடது பக்கம் வந்தா" என்றேன்.

போனை இறக்கிவிட்டார். அவர் முகத்தில் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்த களை வந்து போனது. பக்கத்தில் மகள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, அவருக்குக் கேட்காத குரலில், வேண்டாம்மா என்றாள். தேர்வானவர்களின் பட்டியலைப் போடப்போவது அந்த ஆள்தான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. ஊர் திரும்பும் வேனில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் என்னைச் சமாதானம் செய்துகொள்ளவில்லை. அவர் சொன்ன பொய்க்கு ஆமாம் போட்டிருக்கலாம். துணிக்கடை முதலாளி போட்டார், கடிகாரத்தைத் தூக்கிக் காட்டியபடி.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. துணிக்கடை முதலாளியின் மகள் முதலில் இருந்தாள். கடைசியாக என் மகள் பெயரும் இருந்தது. படகைத் தொடவில்லை என்பதற்குப் படகுக்காரர் உள்படச் சாட்சிகள் அதிகம். பயிற்சியாளரால் வேறு ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: கூட வரும் பெற்றோர் மன அமைதிப் பயிற்சியைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், தவறினால் அனுமதி இல்லை. வேறு எந்தப் பெற்றோருக்கும் அந்தக் குறிப்பு இல்லை.

மகள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு மண்டபத்துக்குப் போனேன். முதல் நாள் பிரியாணி போலிருக்கிறது, கூடம் முழுக்க ஏலக்காய் வாடை. பாயை விரித்தேன். அவள் தன் பாயை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, கேட்காமல், என் இடது பக்கம் போட்டாள். ஸ்பீக்கரில் அலை தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டோம். பயிற்சியாளர் நான்கு எண்ணத் தொடங்கினார். மூன்றில் மின்விசிறி நின்றது. மண்டபத்து வாட்ச்மேனை அவர் கூப்பிட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. என் இடது பக்கத்துப் பாய் குலுங்கியது. அவள் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.