மாப்பிள்ளை வீடு பார்க்க டென்மார்க் கப்பலுக்கு

ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 4.10. ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் வேன். ஆட்கள் ஏழு, ஷூ ஏழு ஜோடி, கேட் பாஸ் ஏழு. மூன்று தடவை எண்ணினேன். அப்படியும் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன், அது பின்னால் வரும்.

முதலில் ஏன் போனோம் என்பது. நான் ஒரு டென்மார்க் கப்பல் கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். கம்பெனி பெயர் போட மாட்டேன், கேட்காதீர்கள். ஆறு வருடத்தில் அவர்களுடைய கன்டெய்னர் கப்பல்கள் நான்கில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு கப்பலுக்கு ஒரே எலெக்ட்ரிக்கல் ஆபீசர்தான். பல்பு முதல் ஜெனரேட்டர் வரை எது நின்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். பெருமைக்குச் சொல்கிறேனா? ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கண்ணமங்கலத்தில் நித்யாவைப் பெண் பார்த்தோம். வேலூரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. அடுத்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் நித்யாவின் அப்பா ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“வீடு நல்லாக்கீதுங்க தம்பி. ஆனா நீங்க வருசத்துல எட்டு மாசம் இங்க இருக்கப்போறது இல்லியே. இருக்கப்போற வீட்ட காட்டுங்க.”

அவர் கண்ணமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றித் தருகிற வேலை. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தேசூர் பக்கம் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் கப்பல் வேலை என்று சொல்லி ஒருவன் பெண் கட்டியிருக்கிறான். அடையாள அட்டை, சீருடை போட்டோ எல்லாம் காட்டினானாம். எல்லாம் போலி, பிரிண்ட் போட்டது. அதனால் என் அட்டைகளை அவர் கையில்கூட வாங்கவில்லை.

நல்ல வேளை, நான் கடைசியாக வேலை பார்த்த கப்பல் ஜூன் 8 அன்று மீஞ்சூர் பக்கத்துத் துறைமுகத்துக்கு வருவதாக அட்டவணையில் இருந்தது. கேப்டனுக்கு மெயில் போட்டேன், துறைமுக ஏஜெண்டிடம் ஏழு பெயர் கொடுத்தேன். நித்யா, அவள் அப்பா, அம்மா கௌரி, அத்தை வள்ளியம்மா, என் அப்பா, அம்மா, நான். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், அதனால் ஏழு. பெண் வரக்கூடாது என்று அத்தை சொன்னார். “கூட வாழப்போறது நான் அத்தை, நீ இல்ல” என்றாள் நித்யா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வேன் வாடகை 8,500 ரூபாய், டீசல் சேர்த்து. டோல் தனியாக 640. டிரைவர் பாஷா பாய் கண்ணமங்கலத்தில் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்று பெண்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள். துறைமுகத்துக்குப் பட்டு எதற்கு என்று அம்மாவிடம் முன்னாலேயே கேட்டிருந்தேன். “ஆரணில இருந்துகினு நைலக்ஸ்ல போயி நின்னா நாலு பேரு இன்னாடா நெனப்பான்?” என்றாள். நித்யா மட்டும் சுடிதார். மூடிய ஷூ கட்டாயம் என்று சொல்லியிருந்ததால் அத்தை பேரனுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூவை எடுத்து வந்திருந்தார்.

ஆரணி, ஆற்காடு, வாலாஜா, அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலை. ஆற்காடு வரை ரோடு சுமார், அதற்கு மேல் வழவழ. காஞ்சிபுரம் தாண்டி 6.35க்கு டீ. டம்ளர் பதினைந்து ரூபாய், சர்க்கரைத் தண்ணீர், அந்தக் கடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அங்கேதான் ஏஜெண்டிடமிருந்து மெசேஜ் வந்தது. என் கப்பல் வரவில்லை. அட்டவணை தாமதமாகி, இந்தத் துறைமுகத்தை விட்டுவிட்டு நேராகக் கொழும்புக்குப் போய்விட்டது. அதன் சரக்குக்குக் கம்பெனியின் இன்னொரு கப்பல் வந்து நிற்கிறது. பாஸை அதற்கு மாற்றிவிட்டோம், அந்தக் கேப்டனும் சம்மதித்துவிட்டார், வரலாம்.

கப்பல் தொழிலில் இது தினமும் நடக்கிற விஷயம். ஆனால் இதைப் பெண் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள்.

“இப்ப கப்பலே இல்லன்றியா?” அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

“கப்பல் கீதுங்க. என்னோடது இல்ல, அதே கம்பெனியோடது. ரூட் பஸ் வரலன்னா ஸ்பேர் பஸ் உடறாங்க இல்ல? அந்த மாதிரி.”

“ஸ்பேர் பஸ்ல நம்மள தெரிஞ்ச கண்டக்டர் இருக்கமாட்டானே. உன்ன அங்க யாருக்குத் தெரியும்?”

கேள்வி சரி. அந்தக் கப்பலில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஏகாம்பரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஷா பாயிடம், “வண்டிய திருப்பிக்கலாமா?” என்றார். சாதாரணக் குரல்தான். திருப்பினால் வேன் மட்டும் திரும்பாது, கல்யாணமும் திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். என் அம்மா வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. “இதுவும் என் கப்பல் மாதிரிதாங்க. ஒரே டிராயிங், ஒரே யார்டு. கண்ண கட்டி உட்டாலும் என் ரூமுக்குப் போவேன்” என்று கத்திவிட்டேன். கத்தியது தப்பு. சொன்னது தப்பில்லை. எங்கள் கம்பெனியில் ஒரே வரைபடத்தில் வரிசையாகப் பல கப்பல்களைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் வேலை செய்தவன் மறுநாளே இன்னொன்றில் செய்யலாம். ஸ்விட்ச் இருக்கும் இடம்கூட மாறாது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்பிடியா? எழுதிக் குடுங்க.”

“இன்னாத்த?”

“எரிஞ்ச மோட்டாரு வந்தா, பிரிக்கறதுக்கு முன்னாடி எத்தினி சுத்து, இன்னா கேஜ், எங்க கனெக்ஷன்னு எழுதி வச்சிட்டுத்தான் நான் கம்பிய அறுப்பேன். உள்ள எது எங்க கீதுன்னு பத்து எழுதுங்க. நான் போயி பாத்துக்கறேன்.”

நித்யா கைப்பையிலிருந்து ஒரு எக்ஸ்ரே கவரை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ஏறியதும் இடதுபக்கம் டெக் ஆபீஸ். அதற்கு எதிரில் லிஃப்ட். சாப்பாட்டு அறைக்கு இரண்டு கதவு. கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் நேர் எதிரில் மெயின் ஸ்விட்ச்போர்டு. எஞ்சின் ரூமில் ஜெனரேட்டர் நான்கு. கன்ட்ரோல் ரூமையொட்டி என் ஒர்க்‌ஷாப், அங்கே டேபிள் எந்தச் சுவரோரம் என்பது உட்பட. பத்தாவது: என் கேபின், E தளம், வலதுபக்கம் மூன்றாவது கதவு. அவர் படிக்காமலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாஷா பாய், “ஜல்தி ஏறுங்க, டிராபிக் ஆயிடும்” என்றார்.

வெளிவட்டச் சாலை பிடித்து மீஞ்சூர், அங்கிருந்து துறைமுகம். ஆரணியிலிருந்து 163 கிலோமீட்டர். 8.40க்கு கேட். இங்கேதான் நான் விட்ட கோட்டை. என் அப்பா கொண்டுவந்தது ஆதாரின் கலர் ஜெராக்ஸ், லேமினேட் போட்டு. ஒரிஜினல் பத்திரமாக பீரோவில் இருக்கிறதாம். உள்ளே விடவில்லை, விடவும் மாட்டார்கள். அரிசி மில் பாய்லரில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர், கேட்டுக்கும் பாதுகாப்புக்கும் மரியாதை தெரிந்தவர். “நீங்க போயிட்டு வாங்கடா” என்று வேனுக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது அத்தை கையை நீட்டித் தடுத்தார். “நில்லுங்க. இப்ப ஆறு பேரு. ரெட்டப்படையில போவக்கூடாது.”

நான் பல்லைக் கடித்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. செக்யூரிட்டி அம்மா, “சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா” என்றார். யாரை விடுவது? அத்தையே முடிவு பண்ணினார். “நான் இருந்துக்கறேன். இந்தப் பேஜார் புடிச்ச ஷூவப் போட்டுகினு அம்மாம் ஒசரம் யாரு ஏறுவா.” அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலையிலிருந்து என்னைச் சந்தேகப்பட்டவர்தான். ஆனாலும் காரியம் கெடக்கூடாது என்று நாலரை மணி நேரம் வந்துவிட்டு வெளியே நின்றார். அதை நான் மறக்க மாட்டேன்.

ஐந்து பேர் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். துறைமுகத்து வண்டி கப்பல் பக்கத்தில் இறக்கிவிட்டபோது கௌரி அம்மா தலையைத் தூக்கினார்கள், தூக்கிக்கொண்டே இருந்தார்கள், ஹெல்மெட் பின்னால் விழுந்தது. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். “இத்த மனுசன்தான் செஞ்சானா?” என்றார்கள். நான் ஆறு வருடமாகப் பார்க்கிறவன். எனக்கே அன்று கப்பல் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது.

10.15க்கு ஏணி ஏறினோம். பட்டுப்புடவை, மூடிய ஷூ, ஆரஞ்சு ஜாக்கெட். மேலே ஏணிக் காவலில் இருந்த மாலுமி சல்யூட் வைத்தான். ஏகாம்பரம் கவரை எடுத்தார், பேனாவைத் திறந்தார். டெக் ஆபீஸ், இடதுபக்கம்: டிக். லிஃப்ட்: டிக்.  சாப்பாட்டு அறையில் சமையல்காரர் கேக் வைத்தார். அதைத் தொடாமல் கதவை எண்ணினார்.

சீஃப் எஞ்சினியர் டென்மார்க்காரர், வெள்ளைத் தாடி. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஏகாம்பரத்துக்குக் காதுமூடி மாட்டி, எஞ்சின் ரூமுக்குள் தானே கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். ஜெனரேட்டர் நான்கு, டிக். ஒரு பம்ப் மோட்டார் பக்கத்தில் நின்று, அதன் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் மாமனார். நித்யா காத்திருந்த கன்ட்ரோல் ரூமுக்கு வந்ததும் முதல் கேள்வி:

“நடுக்கடல்ல இது எரிஞ்சா யாரு காயில் கட்டுவா?”

“கட்ட மாட்டோங்க. ஸ்பேர் மோட்டார் மாத்திடுவேன்.”

“ஓ. மாத்தற ஆளு.” அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே. கப்பல் முழுக்க மின்சாரம் என் கையில் என்று இருந்தவனை, ஊர்க் கடைக்காரர் ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டார். நித்யா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பது டிக் ஆனது. கடைசியாக E தளம். அந்தக் கப்பலின் எலெக்ட்ரிக்கல் ஆபீசர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர், கூட வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி மூன்றாவது கதவைத் திறந்தேன். உள்ளே துடைப்பம், வாளி, சோப்புப் பவுடர்.

 “இங்க ஏதோ மாத்தியிருக்காங்க” என்று ஆரம்பித்தேன். ரமோன் இல்லை என்று தலையசைத்தார். எல்லாக் கப்பலிலும் மூன்றாவது கதவு ஸ்டோர்தான், கேபின் நான்காவது. யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடமும் கால்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறது, நான் ஒரு தடவைகூட எண்ணியதில்லை. “தப்புங்க. நான் எண்ணல” என்றேன். வேறு என்ன சொல்ல? ஏகாம்பரம் பத்தாவது வரியில் பெருக்கல் குறி போட்டார். கவரை மடித்து உள்ளே வைத்தார். நித்யா நான்காவது கதவுக்குள் போய், கட்டில் நீளம், ஜன்னல், மேஜை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். “ரெண்டு பேரு இருக்கலாம்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

12.30க்கு இறங்கினோம். மீஞ்சூரில் சாப்பாடு, தலைக்கு 120. 2.15க்குக் கிளம்பினோம்.  அத்தை, “இன்னாதான் ஆச்சி?” என்று நான்கு தடவை கேட்டார். ஏகாம்பரம் கண்ணை மூடியிருந்தார். 

காஞ்சிபுரத்துக்கு முன்னால் அவர் கண்ணைத் திறந்தார்.

“மாப்ள, மணி இன்னா?”

காலையிலிருந்து தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். என் அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பினாள். “நாலு அஞ்சுங்க” என்றேன்.

“நாலரைக்கு ராகுகாலம். பாய், வெத்தல பாக்கு கெடைக்கற எடமா பாத்து நிறுத்துங்க. ஜல்தி.”

“ஒண்ணு தப்பா இருந்துதேங்க” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

“பத்தும் சரியா இருந்தா, எவனோ சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ணிகினு வந்தியோன்னு நெனச்சிருப்பேன். அங்கியே இருக்கறவன்தான் தன் ரூம் கதவ எண்ணமாட்டான்.” பிறகு, “எங்கூட்டு கதவ கேளேன், எனக்கும் தெரியாது” என்றார்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பூக்கடையில் வெற்றிலை, பாக்கு, இரண்டு முழம் மல்லி, ஆறு வாழைப்பழம், மொத்தம் 190 ரூபாய். தட்டு இல்லை. கப்பலில் கொடுத்த கேக் டப்பா மூடியில் வைத்து, 4.21க்கு இரண்டு வீட்டாரும் மாற்றிக்கொண்டார்கள். நித்யா தலையில் என் அம்மா பூ வைத்தாள். பக்கத்தில் டேங்கர் லாரி நின்றிருந்தது, அதன் டிரைவர் கை தட்டினார். ஒன்பது நிமிடம் மிச்சம். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக முடிந்த நல்ல காரியம் வேறு கிடையாது.

குடும்பத்தைக் கப்பலுக்குக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு: ஏஜெண்டிடம் பத்து நாள் முன்னால் பெயர் கொடுங்கள். ஒரிஜினல் ஆதார், ஜெராக்ஸ் செல்லாது. மூடிய ஷூ, சொந்த அளவில். போட்டோ எடுக்காதீர்கள். இந்தக் கப்பல்தான் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் எந்தக் கப்பலில் ஏறினாலும் ஒரே ஒழுங்கு, ஒரே சுத்தம். அதைத் தைரியமாகக் காட்டலாம், நான் காட்டினேன்.

இனி நான் செய்யப்போவது:

1. வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் கண்ணமங்கலம் கடையில் உட்கார்ந்து, ஒரு அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்கு நானே காயில் கட்டுவேன். ‘மாத்தற ஆளு’ என்று இன்னொரு தடவை கேட்க முடியாது.
2. செப்டம்பரில் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் கல்யாணத் தேதி, மண்டபம் இரண்டையும் முடிப்பேன்.
3. நித்யாவுக்குப் பாஸ்போர்ட் போடுவேன். மனைவியை உடன் அழைத்துப்போகும் படிவத்தைக் கம்பெனிக்கு அனுப்புவேன்.
4. அவளுக்கு லீவு கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அவளுடைய வேலையும் வேலைதான்.
5. எந்தக் கப்பல் கொடுத்தாலும், ஏறிய அன்றே என் கேபின் எத்தனையாவது கதவு என்று எண்ணி அவளுக்கு மெசேஜ் போடுவேன்.